பைக் செயின்ல மாட்டிக்கிச்சுன்னு எழுதிட்டாங்க, இப்ப நஷ்டஈடு கேக்க முடியுமா?

கேள்வி:

வணக்கம் சார். எங்களுக்கு பேரணாம்பட்டு பக்கம். எங்க வூட்டுக்காரர் ஒரு தோல் ஜாப் ஒர்க் ஷெட்டுல ஷேவிங் மெஷின், அதான் தோல சீவுற மெஷின் ஓட்டினார், பதினாறு வருஷமா அதே வேலை, ஒரு நாளைக்கு 600 ரூபா கூலி, சனிக்கிழமையானா கவர்ல போட்டு கைல குடுப்பாங்க. 2024 ஜூலைல ஒரு நாள் சாயங்காலம் தோல் இழுக்கும்போது வலது கைல ஆள்காட்டி விரலும் நடு விரலும் அடியோட போயிடுச்சு. அப்ப அவருக்கு 38 வயசு. மொதல்ல இங்கயே ஒரு கிளினிக்ல கட்டு போட்டாங்க, அப்புறம் முதலாளி அவர் கார்லயே வேலூர் ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போனார். போற வழில "போலீஸ் கேஸு ஆயிடும், பைக் செயின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுங்க, மீதியெல்லாம் நான் பாத்துக்கிறேன்"னு சொன்னார், நாங்களும் அப்படியே சொல்லிட்டோம். ஆபரேஷன் பில்லு அவரே கட்டினார், வீட்டு செலவுக்கு 25,000 குடுத்தார். அதுக்கு மேல கட்டு மாத்த, பிசியோதெரபிக்குன்னு போன செலவுக்கு நான் தோடு அடகு வெச்சேன். நாலு மாசம் கழிச்சு போனா மெஷின் வேலை முடியல, தோல் எண்ணி அடுக்குற வேலை, 350 ரூபா கூலி. இப்ப அவர் பையன் பொறுப்புக்கு வந்துட்டார், இன்னும் 60,000 தர்றோம், இனிமே எந்த பாத்தியதையும் இல்லன்னு பத்திரத்துல கையெழுத்து போடுங்கன்றார், ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றாராம். ஷெட்டுல எட்டு பேர்தான், ஈஎஸ்ஐ காப்பீடு கிடையாது. மெஷின் மூடியை இவரே கழட்டிட்டார், கேஸ் போட்டாலும் நிக்காதுன்னும் சொல்றாங்க. பெரியவர் கெட்டவர் இல்ல சார். நாங்க என்ன பண்றது?

பதில்:

வணக்கம்மா. மொதல்ல ஒரே ஒரு விஷயம், மீதிய நிதானமா படிங்க: அந்த பத்திரத்துல கையெழுத்து போட வேணாம். உங்க வீட்டுக்காரரும் போட வேணாம், சாட்சின்னு சொல்லி உங்கள போட சொன்னாலும் போடாதீங்க. அடுத்தது தேதி. விபத்து நடந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள நஷ்டஈட்டுக்கு மனு போடணும்னு சட்டம், உங்களுக்கு அது 2026 ஜூலையோட முடியுது. அதுக்கு மேல போனா தாமதத்துக்கு காரணம் சொல்லி மன்னிப்பு கேக்க வழி இருக்கு, ஆனா கைல டைம் இருக்கும்போது எதுக்கு அந்த கதவ தட்டணும், இந்த மாசமே ஆரம்பிங்க.

பெரியவர் கெட்டவர் இல்லன்னு எழுதியிருக்கீங்க, எனக்கு அது புரியுது, நம்ம பக்கம் சின்ன ஷெட்டு வெச்சிருக்கவங்க பல பேர் ஒரு காலத்துல தானே மெஷின்ல நின்னவங்கதான், ஆபரேஷன் பில்லு கட்டினது பெரிய விஷயம்தான், அத மறக்க சொல்லல. ஆனா ஒண்ணு மட்டும் மனசுல தெளிவா வெச்சிக்கோங்க, நீங்க கேக்கப்போறது உதவி இல்ல, பாக்கி. வேலை செய்யும்போது, அந்த வேலையால அடி பட்டா முதலாளி நஷ்டஈடு குடுக்கணும்னு 1923-லயே சட்டம் வந்தாச்சு, அதுக்கு அவர் தப்பு பண்ணாருன்னு நீங்க நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்ல. அந்த சட்டத்தோட பேர் 2010-ல பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்னு மாறிச்சு. 2025 நவம்பர் 21-ல இருந்து சமூகப் பாதுகாப்பு சட்டத் தொகுப்புன்னு புதுசு வந்துடுச்சே, நம்ம கேஸ் எதுல வரும்னு யாராச்சும் உங்கள குழப்பலாம், விபத்து நடந்த தேதில எந்த சட்டம் இருந்துச்சோ அதுப்படிதான் தொகைன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அதனால உங்களுக்கு பழைய சட்டத்தோட கணக்குதான்.

அந்த கணக்க இப்பவே ஒரு பேப்பர்ல போட்டு பாத்துடுங்க, ஞாயித்துக்கிழமை உங்களுக்கு தைரியம் குடுக்கப்போறது அதுதான். ஒரு நாளைக்கு 600, மாசம் 26 நாள்னா 15,600. சட்டத்துல மாச சம்பளம்னு அதிகபட்சம் 15,000 வரைக்கும்தான் எடுப்பாங்க, 2020 ஜனவரி 3-ல இருந்து அதான் வரம்பு, அதுக்கு முன்னாடி 8,000-தான் இருந்துச்சு. 15,000-ல 60 சதவீதம் 9,000. அத வயசுக்குன்னு ஒரு எண்ணால பெருக்கணும், 38 வயசுக்கு சட்டத்தோட அட்டவணைல 189.56. பெருக்கினா 17,06,040 வருது, இது முழுசா எந்த வேலையும் செய்ய முடியாம போனவருக்கு. ஒரே கைல ரெண்டு விரல் போனா 20 சதவீதம்னு அட்டவணையே சொல்லுது, அப்ப 3,41,208 ரூபா. இது விபத்து நடந்த உடனே குடுத்திருக்க வேண்டிய பணம், ஒரு மாசத்துக்கு மேல தள்ளினா வருஷத்துக்கு 12 சதவீதம் வட்டி, அதாவது வருஷத்துக்கு கிட்டத்தட்ட 41,000, ஒன்றரை வருஷத்துக்கு 61,000 தாண்டுது. அவங்க முழு கணக்கும் தீத்துக்கலாம்னு சொல்ற 60,000 வட்டிக்கே பத்தலம்மா. தகுந்த காரணம் இல்லாம இழுத்தடிச்சாங்கன்னு இத விசாரிக்கிற இழப்பீட்டு ஆணையர் நெனச்சா அசல்ல பாதி வரைக்கும் அபராதமும் போடலாம், அத கண்டிப்பா கெடைக்கும்னு நம்பி உக்காராதீங்க, ஆனா மனுல கேட்டு வைக்கணும்.

அவர் குடுத்த 25,000-ஐ நஷ்டஈட்டுல கழிச்சிக்க வாய்ப்பு இருக்கு, அத மறைக்கவும் வேணாம், திருப்பி குடுக்கவும் வேணாம். ஆஸ்பத்திரிக்கு கட்டின பில்லு அப்படி இல்ல, அத கழிக்கக் கூடாது. நீங்க தோடு அடகு வெச்சு செலவு பண்ணது இருக்கே, வேலைல பட்ட காயத்துக்கான வைத்திய செலவ முதலாளிதான் திருப்பி தரணும், அதனால மருந்து சீட்டு, பில்லு, அடகு ரசீது எல்லாத்தையும் ஒரு கவர்ல போடுங்க.

இப்ப உங்கள நெஜமா பயமுறுத்துற விஷயத்துக்கு வர்றேன், அந்த பைக் செயின். இந்த ஒரு பொய் நம்ம பக்கத்துல எத்தனை குடும்பத்த நடுத்தெருவுல விட்டிருக்குன்னு எனக்குத்தான் தெரியும். கார்ல ரத்தம் சொட்டிக்கினு இருக்கும்போது முதலாளி சொல்றத யார்தான் மறுத்து பேசுவாங்க, உங்க மேல தப்பு இல்ல. ஆனா டிஸ்சார்ஜ் சம்மரில அப்படி ஒரு வரி இருந்தா, எதிர்தரப்பு வக்கீல் மொத கேள்வியே அதுலதான் கேப்பார், நாம அதுக்கு முன்னாடியே ரெடியா இருக்கணும்.

நீங்க வேலூர் போறதுக்கு முன்னாடி ஊர்லயே ஒரு கிளினிக்ல கட்டு போட்டதா எழுதியிருக்கீங்க பாருங்க, உங்க லெட்டர்லயே எனக்கு ரொம்ப முக்கியமா பட்டது அந்த ஒரு வரிதான். பொய் கார்லதான் பொறந்துச்சு, கிளினிக்ல இல்ல. அங்க டாக்டர் ஒரு சின்ன சீட்டுல, இல்ல அவங்க நோட்டுல, மெஷின் அடின்னு எழுதியிருக்க நெறைய வாய்ப்பு இருக்கு, போய் கேளுங்க, பழைய நோட்ட புரட்டி பாக்க சொல்லுங்க, கெடச்சா டாக்டர் கையெழுத்தோட காப்பி வாங்குங்க.

ரெண்டாவது, வேலூர் ஆஸ்பத்திரில டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் வெச்சிக்கிட்டு விட்டுடாதீங்க, முழு கேஸ் ஷீட்டும் வேணும்னு எழுதி குடுங்க. நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள ரெக்கார்டு குடுக்கணும்னு டாக்டர்களுக்கான 2002 நெறிமுறைல இருக்கு. எதுக்கு முழுசா கேக்க சொல்றேன்னா, சம்மரி எழுதறவர் நீங்க சொன்ன கதைய எழுதுவார், ஆபரேஷன் தியேட்டர்ல காயத்த கழுவறவர் தன் கண்ணால பாத்தத எழுதுவார். நான் நடத்தின ஒரு கேஸ்ல இதே மாதிரி படிக்கட்டுல விழுந்துட்டாருன்னு சம்மரில இருந்துச்சு, ஆபரேஷன் நோட்டுல பாத்தா காயத்துக்குள்ள நீலம் பூத்த தோல் பிசிறு எடுத்தோம்னு ஒரு வரி. வெட் ப்ளூ தோல், அதான் குரோம் போட்டு பதப்படுத்தின ஈரத் தோலோட நீலம் நம்ம ஜனங்களுக்கு நகக்கண்ணுல கூட போகாதே, படிக்கட்டுல அது எங்கேர்ந்து வரும்? அந்த ஒரு வரிலதான் கேஸ் திரும்புச்சு. உங்க கேஸ்லயும் அப்படி எழுதியிருக்கும்னு நான் சொல்ல வரல, ஆனா தேடாம விடக்கூடாது. பைக் செயின்ல மாட்டின விரலும் ஷேவிங் மெஷின் பிளேடு சீவின விரலும் ஒரே மாதிரி இருக்காது, எலும்பு டாக்டர் ஒருத்தர் எக்ஸ்ரே பாத்து சாட்சி சொன்னா அதுவும் எடுபடும்.

மூணாவது, நடந்தத நடந்தபடியே மனுலயே எழுதிடுங்க, யார் சொல்லி, எங்க வெச்சு, என்ன சொன்னோம்னு. அந்த பொய்ய நாமளே முன்னாடி சொல்லிட்டா அது நம்ம கேஸோட ஒரு பாகம் ஆயிடும், அவங்க கண்டுபிடிச்சு சொன்னா நம்ம மேல பழியா வந்து விழும். முதலாளி ஆஸ்பத்திரி பில்லு கட்டினது அவர் கார்டுல இருந்தோ ஃபோன்ல இருந்தோதானே, பைக்ல விழுந்தவருக்கு ஷெட்டு முதலாளி எதுக்கு ஆபரேஷன் பில்லு கட்டணும்னு கேள்வி தானா வரும். எஃப்ஐஆர் இல்லையேன்னு கவலைப்படாதீங்க, இந்த மனுவுக்கு எஃப்ஐஆர் கட்டாயம் இல்ல.

அடுத்து, அவர் அங்க வேலை செஞ்சார்ன்றதுக்கும் கூலி 600-ன்றதுக்கும் ஆதாரம். நோட்டு முதலாளி கைல இருக்கும், நம்ம கைல என்ன இருக்கும்னா அந்த சனிக்கிழமை கவர். தூக்கி போட்டுட்டீங்களா? ரொம்ப வருஷம் முன்னாடி ஆம்பூர் பக்கத்துல இருந்து ஒரு அம்மா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் கொண்டுவந்து என் டேபிள்ல கவுத்தாங்க, நாப்பது கவர் இருக்கும், ஒவ்வொண்ணு மேலயும் பேரு, எத்தனை நாள், எவ்ளோ, அட்வான்ஸ் பிடித்தம் எவ்ளோன்னு கணக்குப்பிள்ளை கையெழுத்துல, ரூம் முழுக்க தோல் வாசனை. சில்லறை போட்டு வைக்கத்தான் அந்த கவர சேத்து வெச்சாங்களாம். இவர் எங்ககிட்ட வேலையே செய்யலன்னு சாதிச்ச எதிர்தரப்பு அதுக்கு அப்புறம் வாய தொறக்கல. உங்க வீட்டுலயும் அலமாரி, பீரோ அடி, பசங்க நோட்டுக்குள்ள எல்லாம் தேடுங்க, எத்தனை கெடச்சாலும் சரி. எப்பயாச்சும் ஜிபேல அட்வான்ஸ் வந்திருந்தா பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுங்க, முதலாளியோ பையனோ அனுப்பின வாட்ஸ்அப் வாய்ஸ் எதையும் அழிக்காதீங்க, ஃபோன் மாத்தினா போயிடும், இன்னொரு ஃபோனுக்கும் அனுப்பி வைங்க. இப்ப அதே ஆளுக்கு அதே ஷெட்டுல 350 கூலி குடுக்குறாங்களே, அந்த கவரும் முக்கியம், சம்பாதிக்கிற சக்தி எவ்ளோ போச்சுன்னு அவங்க கையெழுத்துலயே இருக்கு.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. 20 சதவீதம்ன்றது அட்டவணை சொல்றது, ஆனா ஷேவிங் ஆளுக்கு வலது கை பிடி போச்சுன்னா அந்த வேலையே போச்சு. 1975-ல சுப்ரீம் கோர்ட்ல ஒரு தச்சர் கேஸ், இடது கை முழங்கைக்கு மேல எடுத்துட்டாங்க, ஒரு கையால தச்சு வேலை செய்ய முடியாது, அதனால அவருக்கு முழு இழப்புன்னு தீர்ப்பு வந்துச்சு. ரெண்டு விரலுக்கு அந்த அளவுக்கு போகும்னு நான் ஆசை காட்ட மாட்டேன், ஆனா டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கும்போது ஊனம் எவ்ளோன்னு மட்டும் இல்லாம இவர் என்ன வேலை செஞ்சவர், அத இனி செய்ய முடியுமான்னும் எழுத சொல்லுங்க. மாற்றுத்திறனாளி அட்டைக்கு போர்டு போடுற சதவீதம் வேற, இது வேற, ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க.

மூடி விஷயம். பாதுகாப்பு மூடியை தொழிலாளி வேணும்னே கழட்டினா நஷ்டஈடு கெடையாதுன்னு சட்டத்துல இருக்கறது உண்மைதான், ஆனா அத நிரூபிக்க வேண்டியது முதலாளி. வேணும்னே கழட்டினாரா, இல்ல லோடு முடியணும்னு மேஸ்திரி முன்னாடியே கழட்டி வருஷக்கணக்கா அப்படியே ஓடிச்சான்றதுதான் கேள்வி. உங்க வீட்டுக்காரர நிதானமா உக்கார வெச்சு கேளுங்க, அந்த மூடி கடைசியா எப்ப மெஷின்ல இருந்துச்சு, இப்ப எங்க கெடக்குதுன்னு. ஷெட்டு மூலைல துரு புடிச்சு கெடந்தா கூட வேலை செய்றவங்க யார்கிட்டயாச்சும் ஒரு ஃபோட்டோ எடுக்க சொல்லுங்க.

எட்டு பேர்தான், ஈஎஸ்ஐ இல்லன்னு சொன்னீங்க, இத கொஞ்சம் விரல் விட்டு எண்ணி பாக்கணும், ஏன்னா பாதையே இதுலதான் பிரியுது. மெஷின்ல நிக்கிறவங்க மட்டும் எட்டா? ட்ரிம்மிங் பண்ற பொம்பளைங்க, லோடு ஏத்துறவங்க, வாட்ச்மேன், கணக்குப்பிள்ளை, காண்ட்ராக்ட்ல வர்ற பசங்க எல்லாம் சேத்து எண்ணுங்க. முந்தின 12 மாசத்துல என்னைக்காச்சும் ஒரு நாள் பத்து பேர் இருந்திருந்தா அந்த ஷெட்டு ஈஎஸ்ஐ-ல வந்துடும், முதலாளி பதிவு பண்ணாததும் பணம் கட்டாததும் அவர் தப்பு, தொழிலாளிக்கு கெடைக்க வேண்டியத ஈஎஸ்ஐ குடுத்துட்டு அவர்கிட்ட வசூல் பண்ணும். மாச சம்பளம் 21,000-க்குள்ள இருக்கறதால இவருக்கு அது பொருந்தும். அப்படின்னா மொத்தமா 3,41,000 வராது, அதுக்கு பதிலா வேலைக்கு போக முடியாத நாலு மாசத்துக்கு கூலில 90 சதவீதம், அதுக்கு அப்புறம் மெடிக்கல் போர்டு போடுற சதவீதத்துக்கு ஏத்த மாதிரி ஆயுசுக்கும் மாசா மாசம் பணம். ரெண்டு பக்கமும் வாங்க முடியாது, ஈஎஸ்ஐ பொருந்துற ஆளுக்கு 1923 சட்டம் மூடிடும். இது ஏன் முக்கியம்னா, நீங்க எட்டு பேர்னு நம்பி கேஸ் போட்டு, ஒரு வருஷம் கழிச்சு அவங்களே வந்து இல்லங்க எங்ககிட்ட பன்னெண்டு பேர், இது ஈஎஸ்ஐ கேஸுன்னு சொல்லி தள்ளுபடி கேப்பாங்க, நான் பாத்திருக்கேன். அதனால பத்து பேர் இருந்திருக்கலாம்னு சந்தேகம் இருந்தா கூட ஈஎஸ்ஐ கிளை ஆபீசுக்கும் விபத்த பத்தி ஒரு லெட்டர் இப்பவே குடுத்து சீல் வாங்கி வைங்க.

எட்டு பேருக்கு மேல என்னைக்கும் இல்லன்னு உறுதியா தெரிஞ்சா, மொதல்ல முதலாளிக்கு ஒரு நோட்டீஸ். விபத்து நடந்த நாள், நேரம், எந்த மெஷின், எந்த விரல், கூலி எவ்ளோ, நஷ்டஈடு குடுங்க, அவ்ளோதான், கோவமா ஒரு வார்த்தை கூட வேணாம். ஸ்பீடு போஸ்ட்ல, அக்னாலஜ்மெண்டோட. இவ்ளோ நாள் கழிச்சு நோட்டீஸான்னு கேக்க முடியாது, விபத்து அவர் எடத்துல நடந்து அவரே கார்ல கூட்டிக்கினு போனவர். அதுல வழிக்கு வரலன்னா படிவம் எஃப்-ல மனு, வேலூர்ல தொழிலாளர் துறை ஆபீஸ்ல, அங்க இருக்கற அதிகாரிதான் இழப்பீட்டு ஆணையரா உக்காந்து விசாரிப்பார். முதலாளி இன்சூரன்ஸ் எடுத்திருக்காரான்னு விசாரிங்க, எடுத்திருந்தா கம்பெனியையும் சேத்து போடணும், பல நேரம் அதனாலயே முதலாளி கோவம் தணிஞ்சிடும், பணம் அவர் பாக்கெட்டுல இருந்து போறதில்லையே. மூணு மாசத்துல முடிக்கணும்னு சட்டம் சொல்லுது, நடைமுறைல அதுக்கு மேல இழுக்கும், மனச தயார் பண்ணிக்கோங்க. உத்தரவு வந்தும் குடுக்கலன்னா வரி பாக்கி வசூல் பண்ற மாதிரி ரெவின்யூ மூலமா வசூல் பண்ண வழி இருக்கு.

வக்கீல் பீசுக்கு பயப்படாதீங்க. சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, 1987 சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்காம இலவசமா வக்கீல் தரணும். ஃபோன்ல கேக்கணும்னா 15100. ஜெயிச்சா இவ்ளோ சதவீதம் குடுன்னு பேசுற ஆள்கிட்ட மட்டும் மாட்டாதீங்க. தோல் தொழிலாளர் நல வாரியத்துல உங்க வீட்டுக்காரர் பதிவு பண்ணியிருந்தா அந்த விபத்து உதவி தனி, அதையும் கேளுங்க.

வேலை போயிடுமான்னு நீங்க கேக்கல, ஆனா லெட்டர் பூரா அந்த பயம் தெரியுது. மனு போட்டா அந்த 350 ரூபா வேலைய நிறுத்த வாய்ப்பு இருக்கு, இல்லன்னு சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன். ஆனா அந்த வேலை எத்தனை நாளைக்குன்னு யோசிச்சு பாருங்க, பையன் பொறுப்புக்கு வந்த ஒடனே கையெழுத்து கேக்குறார்னா கணக்க முடிக்க பாக்குறார்னுதான் எனக்கு தோணுது. கையெழுத்து போட்டாலும் அந்த வேலை நிக்கும்னு அந்த பத்திரத்துல ஒரு வரி இருக்கா?

பேசி முடிக்கணும்னா தாராளமா முடிக்கலாம், ஊர்ல முகம் பாத்து வாழணும், நானும் அதத்தான் விரும்புவேன். ஆனா முடிக்கிறது ஆணையர் முன்னாடி, அங்க பதிவாகுற ஒப்பந்தமா இருக்கணும். தொகை ரொம்ப கம்மின்னு தெரிஞ்சா அவர் பதிவு பண்ண மறுக்கலாம், அதான் நமக்கு பாதுகாப்பு. வீட்டுத் திண்ணைல எழுதுற விடுதலை பத்திரத்தால இந்த உரிமைய விட்டுக்குடுக்க வைக்க முடியாது, சட்டப்படி அது செல்லாது, ஆனா செல்லாதுன்னு நிரூபிக்கவே தனியா அலையணும், அதான் போடாதீங்கன்னு கெஞ்சுறேன்.

ஞாயித்துக்கிழமை அவங்க வந்தா சண்டை போடாதீங்க, உக்கார சொல்லி டீ குடுங்க, பத்திரத்த வாங்கி முழுசா ஃபோட்டோ எடுத்துக்கோங்க. "வக்கீல் ஒருத்தர் பாக்கணும்னார், பாத்துட்டு சொல்றோம்"னு மட்டும் சொல்லுங்க. இன்னைக்கே போட்டாத்தான் பணம்னு சொன்னா, பணம் வேணாம், அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லிடுங்க. திங்கக்கிழமை காலைல கிளினிக் தொறந்த ஒடனே அந்த சீட்டு விஷயமா போங்க, உங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கினு போங்க, ஆள பாத்தா டாக்டருக்கு ஞாபகம் வரும்.